மரை பொருந்தினால் போதுமா?



முற்காலத்தில் எங்கள் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடத்துமுன், பார் என்று வழங்கும் சிப்பிப் படுகைகளிலிருந்து மாதிரிக்குச் சில சிப்பிகளை எடுப்பர். அவற்றைத் திறந்து, கிடைத்த முத்துக்களை மதிப்பிட்ட பின்னரே குளிப்புக்கு நாள் குறிப்பர். 1961-ஆம் ஆண்டோடு அக்குளிப்பு நின்றது. முதலில் சோதித்தறிதல் வேண்டும் என்னும் அந்தப் பாடத்தை நான் ஒரு காமிராவினிடம் காலந் தாழ்த்திக் கற்றேன். அக்கதையையே இன்று சொல்லப் போகிறேன்.

லைக்கா என்னும் ஜெர்மானியக் காமிராவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1932-இல் வெளிவந்த அதன் இரண்டாம் வகையில், தொலைவை அளக்கும் ரேஞ்சுபைண்டர் என்னும் உறுப்பு, லென்ஸ் என்று நாம் வழங்கும் வில்லையோடு இணைக்கப்பட்டது. அதன் சிறு சாளரத்தின் வழியே நோக்கினால் ஒரே பொருள் இரண்டு உருவாகத் தோன்றும். வில்லையைத் திருகத் திருக இரண்டும் நெருங்கும். இரண்டும் ஒன்றானால் தொலைவு சரி என்பது பொருள்.

அவ்வில்லை 39 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரையால் காமிராவில் முடுக்கப்படுவது. ஆகவே, அம்மரையை வெட்டத் தெரிந்த எவரும் அக்காமிராவுக்கு வில்லை செய்யலாம் அல்லவா? சோவியத் நாட்டாரும் ஜப்பானியரும் அவ்வாறே செய்தனர். 1950-இல் டேவிட் டக்ளஸ் டங்கன் என்னும் அமெரிக்கப் படப்பிடிப்பாளர், ஜப்பானிய நிக்கார் வில்லைகளைத் தம் லைக்காவில் பொருத்திக் கொரியப் போரைப் படமெடுத்தார். அதன்பின் அவ்வில்லைகளின் புகழ் உலகெங்கும் பரவிற்று.

பள்ளி ஆசிரியனாகிய என் ஊதியத்துக்கு எட்டியவை, இவ்வாறு பிறர் செய்த பழைய வில்லைகளே. அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். வாங்குமுன் விளக்கொளியில் பிடித்து, உள்ளே பூசணம் படர்ந்துள்ளதா என்று பார்ப்பேன். எங்கள் ஊரின் ஈரக்காற்றில் பூசணமே வில்லைக்குப் பெரும்பகை. மரை பொருந்துகிறதா என்றும் பார்ப்பேன். அவ்வளவே போதும் என்று எண்ணியிருந்தேன்.

1998-இல் ஒரு நாள் திரேஸ்புரம் கரையில் ஒரு முதியவரைக் கண்டேன். இளமையில் முத்துக் குளித்து, பின்னர்ச் சங்கு குளித்தவர். உப்புநீரில் சிவந்த கண்களையுடையவர். ஒரு மீட்டர் தொலைவில் நின்று, வில்லையின் துளையை முழுதும் திறந்து, அக்கண்களையே குறிவைத்துப் படமெடுத்தேன். சுருளைக் கழுவிப் பார்த்தபோது காதோரத்து நரைமயிர் இழையிழையாகத் தெளிந்திருந்தது, கண்களோ மங்கியிருந்தன. மறுபடி எடுக்கலாம் என்று ஒரு மாதம் கழித்துச் சென்றேன். அவர் இறந்துவிட்டார். அவருடைய பேத்தியிடம் அப்படத்தையே கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தவள், "சார், தாத்தா கண்ணு சரியாத் தெரியலியே" என்றாள். நான் விடையின்றி நின்றேன்.

பிழை எங்கே நேர்ந்தது? லைக்காவின் தொலைவளவு 51.6 மில்லிமீட்டர் குவியத் தூரத்தை அடிப்படையாகக் கொண்டது. ஸோனார் என்னும் மற்றொரு ஜெர்மானிய வில்லையின் வழிவந்தவற்றுக்கோ அடிப்படை 52.4 மில்லிமீட்டர். தொலைவிலுள்ள கப்பலை எடுத்தால் இவ்வேறுபாடு தோன்றாது. ஒரு மீட்டர் அளவில் தெளிவு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் பின்னே தள்ளி விழும். என் வில்லையிலும் இத்தகைய வேறுபாடே இருந்தது. குற்றம் வில்லையினுடையதன்று, சோதியாமல் எடுத்த என்னுடையதே.

அதன்பின், ஓர் அளவுகோலைச் சாய்த்து வைத்து, அதன் நடுக்கோட்டைக் குறிவைத்து, துளையை முழுதும் திறந்து எடுத்துப் பார்க்காமல் எந்த வில்லையையும் நான் நம்புவதில்லை. எந்தக் கோடு தெளிவாக விழுகிறதோ, அதுவே பிழையின் அளவைச் சொல்லிவிடும். தெளிவு பின்னே விழுமானால், குறிவைத்த பின் அவ்வளவுக்கு உடலைப் பின்னே சாய்த்து எடுக்கலாம். துளையைச் சுருக்கியும் எடுக்கலாம். வில்லை காணும் உருவையே திரையில் காட்டும் இக்காலக் காமிராக்களில் இப்பிழை நேர்வதில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் இத்தகைய பழைய காமிரா ஒன்று கிடைத்தால், முதற்படம் ஓர் அளவுகோலாக இருக்கட்டும். இரண்டாம் படம் உங்கள் பாட்டனாராக இருக்கட்டும்.