'ரன்' என்னும் ஆங்கில வினையும் நம் 'ஓடு'வும்



பத்தாம் ஆண்டு விழாவில் ஆங்கிலச் சொல் ஒன்றைப் பேச எழுந்திருப்பது சிலர்க்கு வியப்பளிக்கலாம். நம்மில் பலர் ஆங்கிலக் கவிதைகளைத் தமிழாக்கி வருகிறோம். அவ்வழியில் நாம் இடறுவது பெரும்பாலும் அருஞ்சொல்லில் அன்று, எளிய சொல்லிலேதான். ஆகவே 'ரன்' என்பதை எடுத்துக்கொண்டேன். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்னும் வினைக்கு உரியது. பின்னர் நடந்த திருத்தப் பணியில் 'ரன்' அதனை முந்தியது. வினையாக மட்டுமே அதற்கு 645 பொருள்கள் எனும் செய்தி 2011இல் வெளிவந்தது.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், பலபொருள் ஒருசொல்லின் பொருளை வினை வேறுபடுத்திக் காட்டும் என்பார். மா பூத்தது எனின் மரம். மா ஓடியது எனின் விலங்கு. ஈண்டு 'ஓடு' சான்று பகரும் சொல். ஆங்கிலத்திலோ 'ரன்' தானே சான்று தேடி நிற்கிறது. எழுவாய் மூக்கானால் ஒழுகுகிறது, சாயமானால் பரவுகிறது, சாலையானால் செல்கிறது. தேர்தலில் அமெரிக்கர் 'ரன்' செய்கின்றனர், பிரிட்டானியர் நிற்கின்றனர். நாமும் நிற்கிறோம், ஓட்டம் பிறகுதான்!

உடன்வரும் சிறுசொல்லும் பொருளை மாற்றும். 'ரன் இன்டு' என்பது எதிர்பாராது சந்தித்தல். 'ரன் டவுன்' என்பது பழித்தலும் ஆகும். நம் மொழி இத்தகைய வேலையைத் துணைவினைகளிடம் ஒப்படைத்துள்ளது. 'ஓடிவந்தாள்', 'ஓடிப்போனாள்' என்னும் இரண்டுக்கும் இடையே ஒரு குடும்பத்தின் மானமே கிடக்கிறது.

நான் வலியுறுத்த விரும்புவது 'ரன் அவுட்' என்பதை. 'டைம் இஸ் ரன்னிங் அவுட்' என்பதைக் 'காலம் ஓடுகிறது' என்று பெயர்த்துவிடுகிறோம். நம் தொடர் சொல்வது விரைவை. ஆங்கிலத் தொடர் சொல்வது கையிருப்பு தீர்வதை. காலம் ஓடுகிறது என்பவன் வாழ்வின் நடுவில் நின்று வியப்பவன்; மற்றவன் எஞ்சிய நாள்களை எண்ணுபவன். நோய்ப்படுக்கையில் கிடப்பவர் பேசும் கவிதையில் இது நேர்ந்தால், அவருடைய அச்சம் முழுதும் வெறும் பெருமூச்சாகிவிடும். 'நாள் தீர்கிறது' என்றாலே போதும். 'ஓடு' அங்கு வேண்டியதே இல்லை.

திரைப்படம் நூறு நாள் ஓடுவதில் இரு மொழியும் ஒத்துப்போகின்றன. ஆனால் துயருற்றவர் 'எனக்கு ஒன்றும் ஓடவில்லை' என்கிறாரே, அந்த 'ஓடு'வுக்கு 645 பொருள்களிலும் இணை காண்பது அரிது. அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பார்த்தவர் இவ்வவையில் இருப்பின், உரைக்குப் பின் கேட்க ஆவலாயுள்ளேன்.