அம்மாவுக்குத் தெரியாத கை



சிங்கப்பூரின் தேக்காவில் நாம் கூடியிருக்கும் இந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கஃப் ரோடு இருக்கிறது. அடிபட்டு வேலையில்லாமல் நிற்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு டிடபிள்யூசி2 அமைப்பு 2008இல் இலவசச் சாப்பாடு போடத் தொடங்கியபோது, அந்தத் தெருவின் பெயரையே திட்டத்துக்கு வைத்தது. அப்படி அடிபட்ட பங்களாதேஷ் ஊழியர் ஒருவரைத்தான் லெய் யுவான் பின் 'ஐ ட்ரீம் ஆஃப் சிங்கப்பூர்' ஆவணப்படத்தில் பின்தொடர்ந்தார். 2020இல் பெர்லின் விழாவரை போன படம் அது.

நான் படம் எடுப்பவன் அல்லன். நம் ஊழியர்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகள் எழுதித் தருபவன். ஒரு வாக்கியத்தை இருபது முறை ஓட்டிக் கேட்டால்தான் எழுத வரும். அழுகையையும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

அப்படி நான் வரிகள் எழுதிய ஒரு சின்னப் படம். வேலையிடத்தில் இரண்டு விரல் போன ஒரு தம்பி. கையில் இருப்பது, கேஸ் முடியும்வரை இங்கே தங்க மட்டும் விடும் ஸ்பெஷல் பாஸ். வேலை செய்யக்கூடாது; நஷ்டஈட்டு கேஸ் முடியாமல் ஊருக்குப் போகவும் மனமில்லை. எடுத்தவர்கள் நல்லவர்கள். ஒப்புதல் படிவத்தில் முறையாகக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆனால், சோறு போடுகிறவர்களோடு சேர்ந்து வந்த கேமராவை அவர் எப்படி வேண்டாம் என்பார்?

பேச்சின் நடுவில் சொல்கிறார்: "அம்மாகிட்ட இன்னும் சொல்லலண்ணே. வீடியோ கால்ல இந்தக் கையத் தூக்கவே மாட்டேன்."

இயக்குநருக்குத் தமிழ் தெரியாது. அந்த வாக்கியம் முதலில் புரிந்தது எனக்குத்தான். அன்றிரவு நான் தூங்கவில்லை.

முகத்தை மறைத்துவிட்டால் போதுமே என்பீர்கள். ஆனால் எல்லாரும் மறைய விரும்புவதில்லை. லீனா மணிமேகலை 2013இல் 'ஒயிட் வேன் ஸ்டோரீஸ்' எடுத்தாரே, இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களைப் பற்றி. பிள்ளையின் போட்டோவை ஏந்தித் தெருவில் நிற்கும் அந்தத் தாய்மாருக்கு உலகமே பார்க்க வேண்டும். இந்தத் தம்பிக்கோ ஒரே ஓர் ஆள் பார்க்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே படிவம் எப்படிப் பொருந்தும்?

இயக்குநரிடம் சொன்னேன். கோப்பிக் கடையில் உட்கார்ந்து தம்பிக்குப் படத்தைப் போட்டுக் காட்டினோம். பார்த்து முடித்துவிட்டு, "கை இருக்கட்டும்ணே. மொகமும் கொரலும் வேணாம்" என்றார். அவர் முகம் தெரிய அம்மாவைப் பற்றிச் சொல்லும் அந்தக் காட்சிதான் படத்தின் உயிர். இயக்குநர் எழுந்துபோய் வெளியே வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து வெட்டச் சம்மதித்தார்.

கேமராவோடு வந்திருக்கும் தம்பி, தங்கைகளே, கையெழுத்து கேட்பதற்கு முன்னால் அவருடைய மொழியிலேயே இதை மட்டும் கேளுங்கள்: "ஊர்ல யாருக்குத் தெரியக்கூடாது?"