பழைய நிரலும் புதிய பைத்தானும்

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்க அலுவலகத்தில் உள்ள பழைய கணினியை மாற்றப் போகிறோம். மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தைக் கணக்கிடும் நிரல் அதில்தான் இருக்கிறது. முன்பு இங்கே குடியிருந்த ஒருவர் பைத்தான் 2 மொழியில் எழுதித் தந்தது. "நன்றாகத்தானே ஓடுகிறது, அப்படியே புதுக் கணினியில் போட வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

பைத்தான் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். மொழியில் இருந்த சில பழைய குறைகளைச் சரிசெய்ய, பழைய நிரல்கள் அப்படியே ஓடாது என்று தெரிந்தேதான் அதை வடிவமைத்தார்கள். மாறிக்கொள்ள நீண்ட அவகாசமும் தந்தார்கள். பைத்தான் 2-க்கான ஆதரவு முதலில் 2015-ல் முடிவதாக இருந்தது; பிறகு 2020 வரை நீட்டித்தார்கள். 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு அது நின்றுவிட்டது. இனி அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தாலும், உருவாக்கியவர்கள் அடைத்துத் தரமாட்டார்கள். நம் எல்லோருடைய தொலைபேசி எண்ணும் பாக்கி விவரமும் இருக்கும் இடத்தில் அதை வைத்திருப்பது சரியல்ல.

மாற்றும்போது வரும் சிக்கல்கள் இரண்டு வகை. குழாய் உடைந்தால் உடனே தெரியும். சுவருக்குள் கசிந்தால், கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் படியும்போதுதான் தெரியும். 'பிரிண்ட்' கட்டளைக்குப் புதிய பதிப்பில் அடைப்புக்குறி வேண்டும்; இல்லையென்றால் நிரல் ஓடவே ஓடாது. இது முதல் வகை, பயமில்லை. பயப்பட வேண்டியது இரண்டாவது வகைக்கு.

தண்ணீர் லாரிச் செலவு 25,000 ரூபாய், வீடுகள் 48 என்று வைத்துக்கொள்வோம். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பைத்தான் 2 பின்னத்தை விட்டுவிட்டு 520 என்று சொல்லும். அப்படி வசூலித்தால் சங்கத்துக்கு 40 ரூபாய் குறையும். அதைச் சரிக்கட்ட, எழுதியவர் விடையோடு 1 கூட்டி 521 ஆக்கியிருக்கலாம். பைத்தான் 3 அதே வகுத்தலுக்கு 520.83 தரும். அதோடும் அந்த 1 சேர்ந்து 521.83 ஆகும். நிரல் நிற்காது, எச்சரிக்கையும் வராது. ரசீது மட்டும் தப்பாக வரும்.

முழுமையாக்குவதும் அப்படித்தான். 520 ரூபாய் 50 பைசாவைப் பழைய பைத்தான் 521 ஆக்கும். புதியது, சரிபாதியாக இருந்தால் அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குப் போகும், 520 ஆக்கும்.

அதனால் மூன்று படிகளாகச் செய்யலாம் என்பது என் யோசனை. முதலில், பழைய கணினியிலேயே நிரலை இரண்டு பதிப்பிலும் ஒரே விடை தரும்படி திருத்துவோம். இதற்காகவே பைத்தான் 2-ல் 'ஃபியூச்சர்' என்ற வசதி இருக்கிறது. அதைக் கொண்டு புதிய வகுத்தல் முறையைப் பழையதிலேயே வரவழைக்கலாம். 50 பைசாவை எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை மொழியின் விருப்பத்துக்கு விடாமல், நிரலிலேயே வெளிப்படையாக எழுதிவிடுவோம். இரண்டாவது, கடந்த ஓராண்டின் கணக்கைப் புதிய பைத்தானில் ஓட்டி, கொடுத்த ரசீதுகளோடு வீடு வீடாக ஒப்பிடுவோம். மூன்றாவது, அடுத்த மூன்று மாதம் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடட்டும். இரண்டு விடையும் பைசா சுத்தமாக ஒத்துப்போன பிறகு பழையதை நிறுத்துவோம்.

வித்தியாசம் வந்தால், புதியதுதான் தப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். பல வருடமாகப் பழையது செய்துவந்த தப்பு அப்போதுதான் வெளியே வந்திருக்கலாம். எது சரி என்பதைக் கணினி சொல்லாது. கட்டணத்தை எப்படிப் பிரிப்பது என்ற நம் சங்கத் தீர்மானம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். வரும் மூன்று மாதமும் உங்கள் ரசீதை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். ஒரு ரூபாய் வித்தியாசமானாலும் அலுவலகத்தில் சொல்லுங்கள்.