வேலூர்க் கோட்டையில் நம் பிள்ளைகள்
(மக்தப் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

சென்ற ஆண்டு நம் மக்தப் பிள்ளைகளை வேலூருக்கு அழைத்துச் சென்றபோது, "ஓதுகிற பிள்ளைகளுக்குச் சுற்றுலா எதற்கு? அந்தப் பணத்தில் பள்ளிக்குப் பாய் வாங்கலாமே" என்று சிலர் கேட்டார்கள். பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைக் காணுமாறு திருமறை பல இடங்களில் ஏவுகிறது என்று அன்று பதில் சொன்னேன். ஆயினும் அங்கு நடந்ததைச் சொல்வதே தக்க பதிலாகும்.

வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சியைப் பற்றி வகுப்பில் முன்பே இருமுறை சொல்லியிருந்தேன். 1806 ஜூலை 10 என்ற தேதி மட்டுமே பிள்ளைகள் மனத்தில் நின்றது. பலருக்கு அதுவும் நிற்கவில்லை. குறை என் போதனையில்தான். அதே செய்தியைக் கோட்டை அகழியின் ஓரத்தில் நின்று சொன்னபோது ஒரு பிள்ளையும் அசையவில்லை.

அணிவகுப்பில் தாடி கூடாது, நெற்றிக்குறி கூடாது, காதணி கூடாது, தோல் பட்டம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்பது ஆங்கிலேயர் ஆணை. மறுத்தவர்களுள் ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் சாட்டையடி பெற்றார்கள். 1799இல் ஷஹீதான திப்பு சுல்தானின் மக்கள் அக்கோட்டையிலேயே காவலில் இருந்தனர். நள்ளிரவுக்குப் பின் சிப்பாய்கள் எழுந்தார்கள். மைசூரின் புலிக்கொடி ஏறியது. பொழுது விடிந்ததும் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் வந்து சேர்ந்தார். அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த சிப்பாய்கள் ஏறத்தாழ நூறு பேரை வெளியே இழுத்துவந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள்.

"எந்தச் சுவர் ஹஜ்ரத்?" என்றான் ஒரு சிறுவன். பாடத்தில் பின்தங்கியவன் என்று நான் கருதியிருந்த பிள்ளை அவன். எனக்கு விடை தெரியவில்லை. சற்று நேரம் கழித்து, "தாடி வைத்தவர்களும் திருநீறு பூசியவர்களும் ஒன்றாகவா நின்றார்கள்?" என்று மீண்டும் கேட்டான். நம் ஊர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகும் அவன் தந்தை, அன்றிரவு வீட்டில் உறக்கமே இல்லை, கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டான் என்று பிறகு என்னிடம் தெரிவித்தார்.

ஒரு குறையையும் மறைக்க மாட்டேன். அன்று பெண் பிள்ளைகளை நாம் அழைத்துச் செல்லவில்லை. ஆலோசனைக் கூட்டத்தில் நானும் வாய் திறக்கவில்லை. திப்புவின் குடும்பத்துப் பெண்மணிகள் அடங்கியிருப்பது வேலூரில்தான். அந்தக் கல்லறைகளை ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லித் திரும்பியது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

வரும் கோடை விடுமுறையில் செஞ்சிக்குச் செல்ல எண்ணியுள்ளோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற கோட்டை அது. நவாப் சஆதத்துல்லா கானின் பெயர் தாங்கிய பள்ளிவாசலும் வேங்கடரமணர் கோயிலும் அங்கு இருக்கின்றன. இம்முறை உடன் வரத் தாய்மார்கள் நால்வர் ஒப்புக்கொண்டுள்ளனர். பெண் பிள்ளைகளின் பெயர்களை ஷஅபான் பிறைக்குள் மக்தபில் தந்துவிடுங்கள்.