அரைப் புள்ளியின் கௌரவம்

2004ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் நடைபெற்ற துரித சதுரங்கப் போட்டியில், 1985 முதல் 2000 வரை உலக சாம்பியனாக விளங்கி, அப்போதும் தரவரிசையில் பிரதம ஸ்தானத்தை வகித்துவந்த காரி காஸ்பரோவுக்கு எதிரே, நார்வே தேசத்தைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் வந்து அமர்ந்தான். மாக்னஸ் கார்ல்சன் என்னும் அந்தப் பாலகன், மகாமேதையின் கீர்த்தியைக் கண்டு பீதியடையாதது மாத்திரமன்றி, அவர் சிந்தனையில் ஆழ்ந்திருந்த வேளையில் எழுந்து சென்று பக்கத்து மேஜை ஆட்டத்தையும் பார்த்துவிட்டு வந்தான்! ஒரு கட்டத்தில் வெற்றிக்கே சமீபித்து, அது கைநழுவிய பின்னரும் நிதானம் இழக்காமல், ஆட்டத்தைச் சமநிலையில் முடித்தான். அடுத்த ஆட்டத்தில் காஸ்பரோவே வென்றார். ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது முதல் ஆட்டத்தைத்தான்.

இரு தரப்புக்கும் அரைப் புள்ளி தரும் சமநிலை என்பது சோம்பலின் பலன் அன்று. ராஜாவுக்கு முற்றுகை இல்லாமலே எந்தக் காயையும் நகர்த்த வழியின்றிப் போவது, ஒரே நிலை மும்முறை மீள்வது, சிப்பாய் நகராமலும் காய் வெட்டுப்படாமலும் இரு தரப்பிலும் 50 நகர்த்தல்கள் கழிவது ஆகிய சமநிலை விதிகளையெல்லாம் ஐயமற அறிந்து, தோல்வி நெருங்கிய வேளையிலும் சித்தம் கலங்காமல் அவற்றைப் பிரயோகிக்கும் சாமர்த்தியம், வெல்லும் சாமர்த்தியத்துக்குச் சற்றும் தாழ்ந்ததன்று என்பதே என் துணிபு.

ஆகையால், பெற்றோர்களே, பள்ளிப் போட்டியிலிருந்து அரைப் புள்ளியோடு திரும்பும் குழந்தையிடம், ஏன் வெல்லவில்லை என்று வினவாதீர்கள். அந்த ஆட்டத்தை முதல் நகர்த்தலிலிருந்து ஆடிக் காட்டும்படி அன்போடு கேளுங்கள்.