அரசு வழக்கறிஞர் மேஜையிலிருந்து நீதிபதி ஆசனத்திற்கு
(இளைஞர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



பிள்ளையை டாக்டராக்குவேன், எஞ்சினீயராக்குவேன், இல்லையென்றால் கல்லாவில் உட்கார வைப்பேன் என்கிறோம். நீதிபதியாக்குவேன் என்று சொல்லும் தகப்பனார் நம்மில் எத்தனை பேர்? கோர்ட் என்றதும் நம் நினைவுக்கு வருவது குற்றவாளிக் கூண்டு. மேலே இருக்கும் ஆசனம் அல்ல.

அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கூட்டாட்சி நீதிபதியை ஜனாதிபதி முன்மொழிகிறார். செனட் சபை வாக்களித்து ஒப்புதல் தருகிறது. பதவி ஆயுள் முழுவதும். இதற்கென்று தனிப் பரீட்சை கிடையாது. ஆனால் பலர் நடந்து பழகிய பாதை ஒன்று உண்டு: சட்டப் படிப்பு, அரசு வழக்கறிஞர் வேலை, பிறகு நீதிபதி. சோனியா சோடோமேயர் 1979ல் மன்ஹாட்டனில் உதவி அரசு வழக்கறிஞராகத் தொடங்கினார். 1992ல் மாவட்ட நீதிபதி, 1998ல் மேல்முறையீட்டு நீதிபதி, 2009ல் உச்ச நீதிமன்ற நீதிபதி.

காரணம் எளிது. அரசு வழக்கறிஞர் நாள்தோறும் நீதிபதியின் முன் நிற்கிறார். சாட்சியத்தை எடைபோடக் கற்கிறார். அவருடைய திறமையையும் நேர்மையையும் நீதிமன்றமே பார்த்து அறிகிறது.

இதே பாதையில் வந்தவர்தான் பாகிஸ்தானிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன் ஸாஹித் குரைஷி. நியூ ஜெர்சியில் உதவி அரசு வழக்கறிஞராக இருந்தார். 2019ல் மாஜிஸ்திரேட் நீதிபதியானார். 2021 ஜூன் 10 அன்று செனட் சபை 81க்கு 16 என்ற வாக்குகளில் அவரை மாவட்ட நீதிபதியாக ஏற்றது. ஆயுட்காலப் பதவி பெற்ற முதல் முஸ்லிம் கூட்டாட்சி நீதிபதி அவரே. அந்த நீதித்துறை 1789ல் அமைந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், 232 ஆண்டுகள்!

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. குடியேற்றத் துறைக்காக வாதாடியவர், ராணுவ வழக்கறிஞராக இராக் சென்றவர், இவர் எப்படி நம்மவர் என்று அங்குள்ள முஸ்லிம்கள் சிலரே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மறுபுறம், சிவில் உரிமை வழக்குகளை நடத்திய நுஸ்ரத் சௌத்ரி 2023ல் முதல் முஸ்லிம் பெண் கூட்டாட்சி நீதிபதியானார். அவருக்குக் கிடைத்த வாக்கு 50க்கு 49. அரசின் பக்கம் நின்றவருக்கு அகலமான சாலை. அரசை எதிர்த்து வாதாடியவருக்கு ஒற்றையடிப் பாதை!

அதற்காக ஒரு பாதையை விட்டுவிடலாமா? கூடாது சகோதரர்களே! யார் மீது வழக்குப் போடுவது, யாரை விடுவது என்று முடிவெடுக்கும் இடத்தில் இறையச்சமுள்ள ஒருவர் இருந்தால் எத்தனை அப்பாவிகள் காப்பாற்றப்படுவார்கள்!

நம் நாட்டிலும் ஏழாண்டு வழக்கறிஞராக இருந்தவர் மாவட்ட நீதிபதிப் பதவிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். அரசு வழக்கறிஞராக இருந்த காலமும் அதில் சேரும் என்று 2013ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வணிகர்களே, உங்கள் ஊரில் ஒரே ஒரு ஏழை மாணவனின் சட்டப் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். இளைஞனே, அநீதி அநீதி என்று தெருவில் முழங்கினாய். அது தேவைதான். தீர்ப்பு எழுதும் பேனாவையும் கையில் எடு. இன்ஷா அல்லாஹ், நாளை அந்த ஆசனத்தில் நீயும் அமர்வாய்.