ஈற்றடியை விட்டுவைக்கும் கலை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

'படைப்பும் திறனாய்வும்' என்னும் பொருளில் பேசுமாறு செயலர் அவர்கள் பணித்தார்கள். தொல்காப்பிய மரபியலிலிருந்தோ மேலைத் திறனாய்வுக் கொள்கைகளிலிருந்தோ நான் தொடங்குவேன் என நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். இன்று நான் ஒரு விளையாட்டிலிருந்து தொடங்க விழைகிறேன். பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு என அதனைத் தமிழில் குறிக்கலாம். பொறியியல் பயிலும் என் மகளும் அவள் தோழர்களும் விடுமுறை நாள்களில் எங்கள் வீட்டு உணவு மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடிய ஆட்டம் அது. படைப்பைப் பற்றியும் திறனாய்வைப் பற்றியும் நான் வகுப்பறையில் கற்பிக்கத் தவறிய சிலவற்றை அந்த மேசை எனக்குக் கற்பித்தது.

ஆட்டத்தின் அமைப்பு எளியது. நால்வரோ ஐவரோ கூடி அமர்கின்றனர். அவருள் ஒருவர் நடுவர். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்கின்றனர். நடுவர் ஒரு சூழலைச் சொல்கிறார்: இருள் சூழ்ந்த குகை வாயில், உள்ளிருந்து புகை வருகிறது, என்ன செய்வீர்கள்? ஒருவர் உள்ளே நுழைகிறேன் என்கிறார். மற்றொருவர் ஊருக்குத் திரும்பி ஆள் அழைத்து வருகிறேன் என்கிறார். எண்ணிய செயல் கைகூடுமா என்பது ஐயத்திற்குரியதாயின் பகடை உருட்டப்படுகிறது. மேடையில்லை, ஒப்பனையில்லை, மனனம் செய்த உரையாடல் இல்லை. பேச்சினாலேயே ஒரு கதை அங்குப் பிறக்கிறது.

இதன் வேர் போர்ப் பயிற்சியில் உள்ளது. 1824 ஆம் ஆண்டு பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டில் நடுவர் ஒருவர் இடம்பெற்றார். 1969 இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி நடத்திய ஆட்டம் ஒன்றில், படைப்பிரிவுகளுக்கு மாறாக ஒரு நகரத்துத் தனிமனிதர்களின் இடத்தை ஆடுவோர் ஏற்றனர். அவ்வட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னசனும், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸும் இணைந்து 1974 இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். ஒரு பெட்டியில் மூன்று சிறு நூல்கள். முதற்பதிப்பு 1000 படிகள். இன்று உலகெங்கும் ஆடப்பெறும் ஒரு கலைவடிவத்தின் தொடக்கம் அவ்வளவே.

இந்த ஆட்டத்திற்கென எழுதப்பெறும் கதைநூல்கள் தனிவகை. அவற்றை 'ஆட்டக்கதை' என்றழைப்போம். இடங்கள், அங்குள்ள மாந்தர்கள், அவர்தம் விருப்பங்கள், நேரவிருக்கும் இடர்கள் ஆகியன அதில் இருக்கும். நாவலைப்போல் அது தோன்றும், ஆனால் நாவலன்று. முதன்மை மாந்தர் என்ன செய்வார் என்பதை எழுதியவர் அறியார். நம் கவியரங்குகளில் ஈற்றடியைக் கொடுத்துப் பாடச் சொல்கிறோம். இவர்களோ முதலடியைக் கொடுத்து ஈற்றடியைப் பிறரிடம் விட்டுவிடுகின்றனர்.

அங்ஙனமாயின் இத்தகைய பனுவலைத் திறனாய்வது எங்ஙனம்? மூன்று வினாக்கள் இன்றியமையாதன என்பது என் கருத்து.

முதலாவது, திறனாய்வாளர் அதனை ஆடிப் பார்த்தாரா என்பது. வாசிப்பில் மயக்கும் ஆட்டக்கதை மேசையில் சோர்ந்துபோவதுண்டு. பல நூல்களில் நடுவர் உரக்கப் படிக்க வேண்டிய பகுதிகளைக் கட்டமிட்டு அச்சிட்டிருப்பார்கள். அந்த வருணனை அரைப்பக்கத்திற்கு நீண்டால், தனிமையில் படிப்பவருக்கு இன்பம். கேட்டிருப்போருக்கோ தங்கள் முறை எப்போது வரும் என்னும் தவிப்பு. ஆடாமல் எழுதப்பெறும் மதிப்புரை இக்குறையைக் காணவியலாது. நேர்மையான மதிப்புரை, ஆடிச் சொல்கிறேன் அல்லது படித்து மட்டும் சொல்கிறேன் எனத் தன் நிலையை முதலிலேயே அறிவித்துவிடும்.

இரண்டாவது, ஆடுவோரின் தேர்வால் ஏதேனும் மாறுகிறதா என்பது. 1984 முதல் வெளிவந்த 'டிராகன்லான்ஸ்' வரிசை நாவல்களாகவும் எழுதப்பெற்று மிகுபுகழ் எய்தியது. ஆயினும் அதன் ஆட்டக்கதைகள் முன்பே வகுத்த பாதையில் ஆடுவோரைச் செலுத்துகின்றன என்னும் குறை நெடுங்காலம் சொல்லப்பட்டு வருகிறது. இக்குறையைத் 'தண்டவாளம்' என்னும் சொல்லால் ஆட்டக்காரர்கள் சுட்டுவர். வண்டி நகரும், திரும்பாது.

மூன்றாவது, ஒரு தோல்வி கதையை முடக்குகிறதா என்பது. 1981 இல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய 'கால் ஆஃப் கதுல்லு' துப்பறியும் தன்மையது. அதில் தேடலுக்குப் பகடை உருட்ட வேண்டும். பகடை தவறித் துப்புக் கிடைக்காமற்போனால், எழுதியவர் வேறு வழி வைத்திராவிடில் கதை நின்றுவிடும். பின்னர் ராபின் லாஸ் 'கம்ஷூ' என்னும் ஆட்டமுறையை வகுத்தார். தக்க திறனுடையவர் தக்க இடத்தில் தேடினால் முதன்மைத் துப்பு உறுதியாகக் கிட்டும். துப்பைக் கொண்டு என்ன செய்கிறோம் என்பதே அங்கு ஆட்டம். திறனாய்வாளர் கண்ட குறை ஒன்று புதுப்படைப்பு நெறிக்கு வித்தாகலாம் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

படைப்போர் இடம்விட்டு எழுதுவதற்கும் நல்ல சான்றுகள் உண்டு. 1970களின் இறுதியில் மைக் கார் எழுதிய 'இன் சர்ச் ஆஃப் தி அன்னோன்' நூலில் ஒவ்வோர் அறையின் வருணனைக்குக் கீழும் வெற்றிடம் உள்ளது. அங்கு என்ன விலங்கு, என்ன பொருள் என்பதைப் பட்டியலிலிருந்து தேர்ந்து நடுவரே நிரப்ப வேண்டும். புதிய நடுவருக்கு அது பயிற்சியாகவும் அமைந்தது. டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் இணையர் எழுதி 1983 இல் வெளிவந்த 'ரேவன்லாஃப்ட்' கதையிலோ, பகைவனின் நோக்கமும் முதன்மைப் பொருள்கள் இருக்குமிடமும் சீட்டெடுத்து அறியப்படுகின்றன. ஆகவே ஒருமுறை ஆடிய கதை மறுமுறை வேறாகிறது. இவ்வெற்றிடங்கள் திட்டமிட்டு விடப்பட்டவை. எழுதச் சோம்பி விட்ட இடம் வேறு. பிறர்க்கென விட்ட இடம் வேறு. இரண்டையும் பிரித்தறிவதே திறனாய்வாளரின் முதற்கடமை. கவிதையின் மௌனத்திற்கும் இது பொருந்தும்.

இனி என் தோல்வியைச் சொல்ல வேண்டும். மகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க நானும் ஓர் ஆட்டக்கதை எழுதினேன். மழைக்காலம், உடையும் நிலையில் ஓர் ஏரி, கரையைக் காக்கும் ஒருவர். பதினான்கு பக்கம். அக்காவலர் இறுதியில் உயிர்துறந்து ஊரைக் காப்பார் என முடிவு செய்திருந்தேன். அதற்கென ஓர் உரையும் எழுதிவைத்தேன். ஆட்டம் தொடங்கி அரைமணி ஆகுமுன், காவலரின் தங்கையாக ஆடிய மாணவி, 'அண்ணன் தூங்கட்டும். நான் கரைக்குப் போறேன்' என்றாள். என் கதை குலையுமே என அஞ்சிக் கதவு பூட்டியிருக்கிறது என்றேன். அவள் உடைத்தாள். பாதையில் மரம் விழுந்திருக்கிறது என்றேன். சுற்றிச் சென்றாள். மூன்றாம் தடையை நான் தேடிக்கொண்டிருக்கையில் என் மகள், 'அம்மா, முடிவை நீயே எழுதிட்டா நாங்க எதுக்கு உட்கார்ந்திருக்கோம்?' என்றாள்.

இருபது ஆண்டுக்காலம் வகுப்பறையில் வாசகரின் உரிமை பற்றிப் பேசியவள் நான். அன்று விடை சொல்ல நாவெழவில்லை.

அடுத்த வாரம் மூன்றே பக்கங்களில் மீண்டும் எழுதினேன். ஏரியின் படம், மணிக்கொரு முறை ஏறும் நீர்மட்டம், இரண்டு மதகுகள், அவற்றுள் ஒன்று திறக்காது, ஐந்து மனிதர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பம், ஓர் அச்சம். முடிவு எழுதவில்லை. அன்றிரவு அதே மாணவி, தன் குடும்பத்து வயல் இருக்கும் பக்கத்திலேயே கரையை வெட்டிவிடத் துணிந்தாள். வயல் மூழ்கியது, ஊர் பிழைத்தது. சற்று நேரம் மேசையில் எவரும் பேசவில்லை. அம்முடிவை நான் எழுதியிருந்தால் செயற்கையென அடித்திருப்பேன். அவள் தேர்ந்ததனால் அது உண்மையாயிற்று.

அம்மேசையிலிருந்து எழுந்தபோது வேறொரு நினைவு என்னைச் சுட்டது. சில ஆண்டுகளுக்கு முன் இதே வட்டத்தில் ஓர் இளங்கவிஞரின் முதல் தொகுப்பை நான் மதிப்பிட்டுப் பேசினேன். முன்னுரையையும் முதற்பத்துக் கவிதைகளையும் மட்டுமே படித்திருந்தேன். கைதட்டல் பெற்றேன். கூட்டம் முடிந்ததும் அவர் என்னருகே வந்து, கடைசிக் கவிதை சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். அது ஆடாமல் எழுதிய மதிப்புரை. அதன்பின் அவர் நம் கூட்டங்களுக்கு வரவில்லை. காரணம் வேறாகவும் இருக்கலாம். ஆயினும் என் பிழை பிழையே. பின்னர் அக்கவிதையைப் படித்தேன். இரண்டு இடங்களில் தளர்ந்திருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவருக்குப் பயன்பட்டிருக்கும்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தின் அடிப்படை விதிகளை எவரும் எடுத்தாளலாம் என 2000 ஆம் ஆண்டில் திறந்த உரிமம் வழங்கப்பட்டது. 2023 இல் அதன் ஐந்தாம் பதிப்பு விதிகளின் அடிப்படைத் தொகுப்பு படைப்பாக்கப் பொதும உரிமத்தின்கீழ் வந்தது. எழுதுவோர் பெருகினர்; நல்லதைத் தேர்ந்து காட்டும் பொறுப்பும் பெருகிற்று. நம் கவிதை உலகின் நிலையும் ஏறத்தாழ இதுவே. தொகுப்புகள் பெருகுகின்றன; படித்துச் சொல்வோர் அருகுகின்றனர்.

ஆகவே பதினோராம் ஆண்டிற்கென ஒரு வேண்டுகோளை இவ்வவையின் முன் வைக்கிறேன். நம் வட்டத்தில் ஒரு நூலை மதிப்பிடுபவர், முழுவதும் படித்தேன் எனச் சொல்லித் தொடங்கட்டும். ஒரு கவிதையையேனும் வாய்விட்டுப் படித்துக்காட்டட்டும். எங்கே தளர்கிறது என ஓரிடத்தையேனும் அன்போடு சுட்டட்டும். கவிஞர்களும் வாசகன் கரைக்குப் போக ஒரு கதவையேனும் பூட்டாமல் வைக்கட்டும்.

அந்த இளங்கவிஞரின் தொகுப்பை அடுத்த மாதக் கூட்டத்தில் மீண்டும் மதிப்பிட எனக்கு வாய்ப்புத் தருமாறு செயலரை வேண்டுகிறேன். அவருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். வருவாரா என்பது அவருடைய தேர்வு.